பிளாஸ்டிக் கை உடையும் என்கிறவர்களுக்கு

"பிளாஸ்டிக் ஃப்ரேம் பொம்மைக்குச் சரி. உழைக்கிற ட்ரோன் என்றால் கார்பன் ஃபைபர்தான்." புதுச்சேரி லாஸ்பேட்டையில் ட்ரோன் பேச்சை எடுத்தால் முதலில் காதில் விழுவது இந்த வாக்கியம். மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக்கும் மகளிர் பாலிடெக்னிக்கும் இருக்கிற ஊர் இது. நான்கு மோட்டாரை வாங்கி எதையாவது பறக்கவிட்டுப் பார்க்கத் துடிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்கு உதிரிபாகம் விற்கிறவர் இதையே சொல்கிறார், யூடியூப் இதையே சொல்கிறது, போட்டிகளுக்கு நடுவராக வருகிறவரும் கறுப்புத் தகட்டைக் கண்டால் ஒரு மதிப்பெண் கூட்டித்தான் போடுகிறார். பக்கத்துத் தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் இஞ்செக்‌ஷன் மோல்டிங் பட்டறைகள் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்க, நம் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்த கார்பன் தகட்டுக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

இந்த நம்பிக்கை தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிறிய, நடுத்தர மல்டிரோட்டர் ட்ரோன்களுக்கு, ஒழுங்காக வடிவமைத்து ஒழுங்காக வார்த்த பிளாஸ்டிக் ஃப்ரேம் கார்பன் தகட்டைவிட நீடித்து உழைக்கும். மோட்டார்களைத் தாங்கும் பிளாஸ்டிக் கைகள் உடைவதை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றை உடைத்தது பிளாஸ்டிக் என்கிற பொருள் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன்.

முதலில், பறந்து காட்டியவற்றைப் பார்ப்போம். பிரான்ஸின் பாரட் நிறுவனம் 2010-இல் ஏஆர்.ட்ரோனை வெளியிட்டது. கடையில் வாங்கி அன்றைக்கே பறக்கவிடலாம் என்ற நிலையை உலகுக்குக் காட்டிய முதல் குவாட்காப்டர்களில் அது ஒன்று. 2012-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் கார்பன் குழாய்கள் இருந்தன. ஆனால் அவற்றைப் பிடித்து நிறுத்திய பாகங்கள் 30 சதவீதம் இழை கலந்த நைலான். அதே நிறுவனத்தின் பீபாப்பில் உடற்கட்டே கண்ணாடி இழை கலந்த ஏபிஎஸ். சீனாவின் டிஜேஐ விற்ற எஃப்450 ஃப்ரேமைப் பொறியியல் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மோட்டாரிலிருந்து மோட்டாருக்கு மூலைவிட்டமாக 450 மி.மீ., ஃப்ரேமின் எடை 282 கிராம், தூக்கிப் பறக்கும் மொத்த எடை 1,600 கிராம் வரை. அதன் நான்கு கைகளும் கண்ணாடி இழை கலந்த நைலான் 66-இல் வார்த்தவை. நம் கல்லூரிகள் பலவற்றில் ஒரு தலைமுறை பறக்கக் கற்றுக்கொண்டது அந்தக் கைகளில்தான்.

பிளாஸ்டிக்குக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்ததும் அதே எஃப்450-இன் நகல்கள்தான். வடிவத்தை அச்சு அசலாக எடுத்துக்கொண்டார்கள், உருக்கி வார்க்கும் பிளாஸ்டிக் குருணையில் கைவைத்தார்கள். மலிவான கலவை, அரைத்துத் திரும்பப் போட்ட கழிவு, காயவைக்காத மூலப்பொருள். அந்தக் கை முதல் மோதலில் இரண்டாகப் பிளந்தது. பிளந்த கையைக் கையில் வைத்துக்கொண்டு "பார்த்தாயா, பிளாஸ்டிக்" என்றார்கள். ஒரே வடிவத்தில் அசல் தாங்குகிறது, நகல் உடைகிறது என்றால், குற்றவாளி எங்கே இருக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டாமா?

பிளாஸ்டிக் அதிர்வைத் தாங்காது என்பது அடுத்த வாதம். தெருவில் நிற்கிற ஏதாவது ஒரு காரின் முன்மூடியைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டரின் இரு பக்கமும் இருக்கிற கறுப்புத் தொட்டிகள் பெரும்பாலான கார்களில் கண்ணாடி இழை கலந்த நைலான் 66. நூறு டிகிரியைத் தொடும் குளிரூட்டித் திரவம் அழுத்தத்தோடு உள்ளே ஓட, பக்கத்தில் இன்ஜின் அதிர, ஆண்டுக்கணக்கில் அவை உழைக்கின்றன. இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டும் இன்று பெரும்பாலும் நைலான்தான். கையில் பிடிக்கும் டிரில் மெஷினின் கூடும் அதே இனம். நம் திருபுவனையிலேயே வேர்ல்பூல் ஆலையில் சலவை இயந்திரங்கள் தயாராகின்றன. ஈரத்துணியோடு நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுழல்கிற ஓர் இயந்திரத்துக்கு உள்ளே பிளாஸ்டிக் பாகங்கள் எத்தனை என்று பழுது பார்க்கிறவரைக் கேட்டால் சொல்வார். இந்த வேலைகளையெல்லாம் செய்கிற பொருள், ஒன்றரைக் கிலோ ட்ரோனின் கையாக இருக்க மட்டும் லாயக்கில்லை என்பது எந்த ஊர் நியாயம்?

"கார்பன் பத்து மடங்கு விறைப்பானது, அதற்கு என்ன சொல்கிறாய்?" என்பார்கள். உண்மைதான், பொருளை மட்டும் எடுத்தால். பல திசைகளில் இழை அடுக்கிய கார்பன் தகட்டின் விறைப்பு எண் சுமார் 60 கிகாபாஸ்கல். ஈரம் குடித்துச் சமநிலைக்கு வந்த 30 சதவீதக் கண்ணாடி நைலானுக்குச் சுமார் 6. ஆனால் வளைவை எதிர்ப்பதில் பொருளுக்குப் பாதிப் பங்குதான், மீதி வடிவத்துக்கு. உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். கார்பன் ஃப்ரேம் என்று நாம் வாங்குவது தட்டையான தகட்டைக் கணினி இயந்திரத்தில் வெட்டியெடுத்தது. அதன் உயரம் தகட்டின் தடிமன் மட்டுமே. மோல்டில் வார்த்தால் எந்த வடிவமும் நம் கையில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமன் உள்ள கார்பன் கை. ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம் எடை. அதே எடைக்கு நைலானில் 12 மி.மீ. அகலம், 20 மி.மீ. உயரம், ஒன்றரை மி.மீ. சுவர் கொண்ட, பனைமட்டையைப் போல் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவக் கை கிடைக்கும். மேல்கீழ் வளைவில் கார்பன் தகட்டின் விறைப்பு 5 என்றால் இந்த நைலான் கையின் விறைப்பு 17-க்கு மேல். திறந்த வடிவம் முறுக்கத்தில் தளரும் என்பதால் உள்ளே குறுக்காக ரிப்கள், அதாவது மெல்லிய தாங்கு சுவர்கள், ஓட வேண்டும். அதற்கான எடையைச் சுவரிலிருந்து கழித்தாலும் இரண்டு மடங்குக்கு மேல் மிஞ்சும். பக்கவாட்டு வளைவில் தகடுதான் வெல்லும், அதை மறைக்கவில்லை. ஆனால் ப்ரொப்பெல்லர் இழுப்பது மேல்நோக்கி. கையின் அகலம் குறைந்தால் ப்ரொப்பெல்லர் கீழே தள்ளும் காற்றுக்குத் தடையும் குறையும். பத்து மடங்கு வித்தியாசம் என்று மிரட்டியது எங்கே போயிற்று?

விறைப்பும் உறுதியும் ஒன்றல்ல என்பது இன்னும் முக்கியம். ஒன்றரைக் கிலோ ட்ரோன் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது அதனிடம் சுமார் 147 ஜூல் ஆற்றல் இருக்கும். அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். கார்பன் தகடு ஒன்றரை சதவீதம் நீள்வதற்குள் முறிந்துவிடும். முறியாவிட்டால் அதிர்ச்சியை அப்படியே கேமராவுக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் பேட்டரிக்கும் கடத்திவிடும். சில சமயம் மேலே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அடுத்த முறை வானத்தில்தான் தெரியவரும். முறிந்த தகட்டின் சிம்பு லித்தியம் பேட்டரியைக் குத்தினால் தீ. நைலான் கை வளைந்து, கிழிந்து, தன் உடம்பில் அந்த ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. எந்த இடத்தில் முதலில் விட வேண்டும் என்பதையும் வடிவமைப்பவரே தீர்மானிக்கலாம். கை போனால் திருகுகளைக் கழற்றி வேறு கையை மாட்டிக்கொள்ளலாம். கட்டுப்பாட்டுப் பலகை போனால் அன்றைய வேலை போயிற்று.

இன்னொன்றையும் கார்பன் பக்தர்கள் பேசுவதில்லை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், ரேடியோ அலையை மறைக்கும். அதனால்தான் ஆன்டெனாவுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் வெளியே கம்பு நட்டு நிறுத்துகிறார்கள். அந்தக் கம்புதான் முதலில் உடைகிறது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஆன்டெனாவைப் பத்திரமாக வைத்து மூடிவிடலாம்.

அப்படியென்றால் பிளாஸ்டிக் கைகள் ஏன் உடைகின்றன? இந்தக் கேள்வியில்தான் நான் நீண்ட நேரம் நிற்க விரும்புகிறேன். விடை முழுவதும் மோல்டிலும் மெஷினிலும் இருக்கிறது.

உடைந்த கைகளை எடுத்து அடுக்கிப் பாருங்கள். அவற்றில் பலவும் மோட்டார் திருகுத் துளையின் ஓரத்திலிருந்து பிளந்திருக்கும். துளை இருக்க வேண்டிய இடத்தில் மோல்டுக்குள் ஓர் எஃகுக் குச்சி நிற்கிறது. உருகி வரும் பிளாஸ்டிக் அந்தக் குச்சியில் மோதி இரண்டாகப் பிரிந்து, பின்பக்கம் மறுபடி சேர்கிறது. சேரும் இடம் வெல்டு லைன். வெறும் நைலானில் இதனால் பெரிய நட்டமில்லை. கண்ணாடி இழை கலந்ததில் இழைகள் அந்தக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவதில்லை; கோட்டோடு படுத்துவிடுகின்றன. அந்த இடத்தின் வலிமை பாதியளவுக்கு இறங்கிவிடும். மோட்டாரின் அதிர்வு முழுவதும் வந்து இறங்கும் இடத்தில் இந்தப் பலவீனத்தை வைத்துவிட்டு, பொருளைக் குறை சொல்லி என்ன பயன்? உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் நுழையும் வாயிலை, அதாவது கேட்டை, கையின் அடிப்பகுதியில் வைத்தால் இழைகள் கையின் நீளத்துக்கு ஓடும், விறைப்பு வேண்டிய திசையிலேயே கிடைக்கும். துளைக்கு அப்பால் கொஞ்சம் சதை விட்டு, சேரும் கோடு விசை குறைவான பக்கம் விழும்படி செய்யலாம். மோல்டு வெட்டுவதற்கு முன்பே மென்பொருளில் ஓட்டிப் பார்த்து அந்தக் கோடு எங்கே விழும் என்று தெரிந்துகொள்ளவும் முடிகிறது. அந்த ஒரு நாள் வேலையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்தது மூலை. கை உடலோடு சேரும் இடத்தில் கூர்மையான உள்மூலை இருந்தால் அங்கே விசை மூன்று மடங்காகக் குவியும். சுவர் தடிமனில் பாதியளவுக்கு வளைவு கொடுத்தால் அது ஒன்றரை மடங்குக்கு இறங்கிவிடும். இதற்குச் செலவு ஏதுமில்லை. ரிப்பின் தடிமன் சுவரில் பாதியைக் கொஞ்சம் தாண்டலாம், அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்கம் குழி விழும், உள்ளே வெற்றிடம் நிற்கும். உறுதி வேண்டுமென்று சுவரைத் தடிப்பாக்குகிறவர்கள் அந்த வெற்றிடத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

மூன்றாவது ஈரம். கடலோரப் புதுச்சேரியில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில், திறந்த மூட்டையில் இருக்கிற குருணை காற்றிலிருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நைலானை 0.2 சதவீத ஈரத்துக்குக் கீழேயும், பாலிகார்பனேட்டை 0.02 சதவீதத்துக்குக் கீழேயும் காயவைத்த பிறகே மெஷினில் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் உருகும் சூட்டில் அந்தத் தண்ணீர் மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டாடிவிடும். வெளிவரும் பாகத்தின் மேல் வெள்ளிக் கீற்றுகள் தெரிந்தால் அதுவே எச்சரிக்கை. பலர் அதை அழகுக் குறையாக மட்டும் நினைத்து, கறுப்புச் சாயம் கூட்டி மறைக்கப் பார்க்கிறார்கள். அந்தக் கை கண்ணுக்கு நன்றாக இருக்கும்; முதல் மோதலில் பிஸ்கட்டாக உதிரும்.

நான்காவது, மோட்டார் திருகு கழலாமல் இருக்கப் போடும் நீலப் பசை. இதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். உலோகத்துக்கு உலோகம் போடுவதற்கான அந்தப் பசை, பாலிகார்பனேட்டிலும் ஏபிஎஸ்ஸிலும் பட்டால் இறுக்கத்தில் இருக்கிற பகுதியில் மயிரிழை விரிசல்கள் கிளம்பும். ராத்திரி மாட்டிய மோட்டார் காலையில் ஃப்ரேமோடு கையில் வரும். நைலான் இதற்கு அசையாது. பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோனிலும் இதே கதைதான்: எண்ணெய்க் கரைப்பானில் வருகிற மருந்துகள் பாலிகார்பனேட்டைத் தின்றுவிடும், நைலானும் பாலிபுரொப்பிலீனும் தாக்குப்பிடிக்கும்.

நைலானுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்று உண்டு. வார்த்த பிறகும் நைலான் ஈரம் குடிக்கும். நைலான் 66 நடுத்தர ஈரப்பதக் காற்றில் எடையில் இரண்டரை சதவீதம், தண்ணீரில் ஊறினால் எட்டுக்கு மேல். குடித்தால் விறைப்பு இறங்கும், அளவும் கொஞ்சம் மாறும். கடற்கரை ஊரில் இதைப் புறக்கணிக்க முடியாது. கண்ணாடி இழை சேர்த்தால் குடிக்கும் அளவு குறைகிறது. அதைவிடப் பெரிய விஷயம், மெஷினிலிருந்து விழுந்த உலர்ந்த நைலான் நொறுங்கும் தன்மை கொண்டது. ஈரம் குடித்த பிறகுதான் அது மோதலைத் தாங்கும் நைலானாகிறது. அதனால்தான் பாகங்களை வெந்நீரில் போட்டுப் பதப்படுத்தும் வழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. மேலே நான் போட்ட கணக்கிலும் ஈரம் குடித்த நைலானின் எண்ணைத்தான் எடுத்திருக்கிறேன். உலர்ந்ததற்கு அது 10-ஐ நெருங்கும். ஈரத்தைத் தெரிந்து வடிவமைத்தால், நம் ஊர்க் காற்று இந்தப் பொருளுக்கு உதவியாகத்தான் இருக்கிறது.

வெயிலுக்குக் கரித்தூள். இரண்டு, இரண்டரை சதவீதம் கலந்தால் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்காது. சூட்டுக்கு நைலான் பயப்படாது. பயப்பட வேண்டியது 3டி பிரிண்டரில் பிஎல்ஏ இழையில் கை அடித்துக்கொள்கிறவர்கள். அறுபது டிகிரியில் இளகும் பொருள் அது; சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் வைத்தாலே தொங்கிவிடும். வடிவத்தைச் சரிபார்க்க 3டி பிரிண்ட் அருமையான கருவி. அடுக்கு அடுக்காக ஒட்டிய அந்தக் கை உடைந்ததை வைத்து, வார்த்த பிளாஸ்டிக்குக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது.

"மோல்டு போட லட்சக்கணக்கில் விற்க வேண்டும், நமக்கு ஏது அவ்வளவு?" இது பணம் தெரிந்தவர்களின் வாதம். ஒரு கைக்கான மோல்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐயாயிரம் கைகள் அடித்தால் ஒரு கைக்கு மோல்டுச் செலவு 60 ரூபாய். ஐயாயிரம் கை என்பது 1,250 ட்ரோன். கண்ணாடி நைலான் கிலோ 300 ரூபாய் என்றாலும் 50 கிராம் கைக்குப் பொருள் செலவு 15 ரூபாய். கண்ணாடி இழை மோல்டை அரிக்கும் என்பதால் கேட் பகுதியிலாவது கடினப்படுத்திய எஃகு வேண்டும். அதையும் சேர்த்தே நல்ல டூல் ரூம்கள் விலை சொல்கின்றன. தேவை இல்லையா? மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்காக ஒன்றிய அரசு 1,261 கோடி ரூபாயில் அறிவித்த நமோ ட்ரோன் தீதி திட்டத்தின் இலக்கு 15,000 ட்ரோன்கள். ஒன்றுக்கு நான்கு கை, கைக்கு ஒரு மடக்கு மூட்டு என்று வைத்தாலே 60,000 மூட்டுகள். அந்த மூட்டுகளை யார் வார்க்கப் போகிறார்கள்?

2022 பிப்ரவரியில் முழு ட்ரோன்களை இறக்குமதி செய்வதை அரசு தடை செய்தது, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. உற்பத்தி ஊக்கத்தொகை வேண்டுமானால் 40 சதவீத மதிப்பு இங்கே கூட வேண்டும் என்றது. கார்பன் இழையில் இந்தியா இன்னமும் பெரிதும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. நைலான் 66-இன் இனத்தைச் சேர்ந்த நைலான் 6-ஐ வடோதராவில் ஜிஎஸ்எஃப்சி தயாரிக்கிறது. அதன் மூலப்பொருளான காப்ரோலாக்டம் கொச்சிக்குப் பக்கத்தில் உத்யோகமண்டலில் ஃபேக்ட் ஆலையில் கிடைக்கிறது. கிண்டியில் 1968 முதல் சிப்பெட் இருக்கிறது, பிளாஸ்டிக் தொழிலுக்கு ஆள் பயிற்றுவிக்கவும் சோதனை செய்து சான்று தரவும். பொருள் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். ஒரு தவறான நம்பிக்கைக்காக இத்தனையையும் ஒதுக்கிவைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கார்பனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்து அங்குல ப்ரொப்பெல்லரில் பந்தயம் விடுகிறவருக்குக் குட்டையான, கட்டையான கார்பன் கைதான் சரி. அங்கே சிறு நெளிவுகூடக் கட்டுப்பாட்டைக் குழப்பும். பத்து லிட்டர் மருந்து சுமக்கும் ட்ரோனின் நீண்ட கைகளுக்குக் கார்பன் குழாயே வேண்டும். குழாய் என்பதைக் கவனியுங்கள். அங்கேயும் தகடு எடுபடாது. அந்தக் குழாயைப் பிடிக்கும் கிளாம்பு, மடக்கு மூட்டு, மோட்டார் இருக்கை எல்லாம் வார்த்த பாகங்களாக இருக்கலாம். வயலில் முதலில் ஆட்டம் காண்பதும் அந்த மூட்டுகள்தான். ஆகவே கவனம் அங்கேதான் போக வேண்டும்.

இந்த ஊரில் ட்ரோனைச் சோதிக்க முடியாது என்று ஒரு சாக்கு உண்டு. லாஸ்பேட்டையில் விமான நிலையம் இருக்கிறது. அதன் எல்லையிலிருந்து 8 கி.மீ. வரை 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலம் இல்லை, அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ஆனால் ஒரு கையின் தரத்தை அறிய அதைப் பறக்கவிட வேண்டியதே இல்லை. அடிப்பகுதியை இறுக்கிப் பிடித்து முனையில் எடை தொங்கவிடலாம். மோட்டாரை மாட்டி மேசையிலேயே மணிக்கணக்கில் ஓட்டலாம். உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கலாம். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் ஒரு மாதம் கிடத்திவிட்டு மறுபடி உடைத்துப் பார்க்கலாம். ஒரு பாலிடெக்னிக் பட்டறைக்கு இது இறுதியாண்டுத் திட்டப்பணியாகவே போதும்.

மோல்டிங் பட்டறை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ட்ரோன் பாகம் கேட்டு மாணவர் யாராவது வந்தால், "அளவு கம்மி" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஹாப்பர் டிரையரில் முழு நேரம் காயவைத்து, ரீகிரைண்ட் கலக்காமல் பத்து ஷாட் அடித்துக் கொடுங்கள். கையின் உட்பக்கத்தில் பொருளின் குறியீட்டைப் பொறியுங்கள், 30 சதவீதக் கண்ணாடி இழை கலந்த நைலான் 66 என்றால் 'பிஏ66-ஜிஎஃப்30' என்று. வாங்குகிறவர்களே, அந்தக் குறியீடு இல்லாத பிளாஸ்டிக் கையை வாங்காதீர்கள். கார்பன் என்ற பெயரை மட்டும் பார்த்தும் வாங்காதீர்கள். எந்தப் பொருள், எப்படிக் காயவைத்தது, கேட் எங்கே, எத்தனை கை உடைத்துப் பார்த்தாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.